பிரித்தார்... பூட்டினார்... படைத்தார்!

குட்டீஸ்... ராணிப்பேட்டை, ஆற்காடு, மேல்விஷாரம், ஆம்பூர் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தோல் பதனிடும் ஆலைகளைத் தெரியாமல் இருக்காது. அந்த ஆலைகளுக்குள் பெரிய பெரிய மர டிரம்கள் உண்டு. ஓர் ஆள் உள்ளே நுழைந்து நிற்கலாம்; அவ்வளவு பெரிசு! தோல், தண்ணீர், ரசாயனம் எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடி, மணிக்கணக்கில் சுற்ற விடுவார்கள். அத்தனை கனத்தையும் சுற்ற வைப்பது எது? ஓரமாக அடக்கமாய் உட்கார்ந்திருக்கும் மின்சார மோட்டார்தான்!

கிணற்று நீரை வயலுக்கு ஏற்றுவதும் மோட்டார். மொட்டை மாடித் தொட்டியை நிரப்புவதும் மோட்டார். அம்மா இட்லிக்கு மாவு அரைக்கும் கிரைண்டரைச் சுற்றுவதும் மோட்டார். ஆனால், ஒரு காலத்தில் நம் நாட்டில் மோட்டார் தயாரிக்கத் தெரிந்தவர்களே கிடையாது. எல்லாம் கப்பல் ஏறி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்.

இந்தியாவிலேயே உருவான முதல் மின் மோட்டார் என்று போற்றப்படுவது, 1937ல் நம் கோயம்புத்தூரில் பிறந்தது. அதை உருவாக்கியவர் எந்தப் பொறியியல் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். அவருடைய பள்ளிப் படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்று போனது. அவர்தான் ஜி.டி.நாயுடு!

அப்படியானால் இன்ஜினியரிங்கை எங்கே படித்தார்? ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் இன்ஜினுக்குள்! அந்தக் கதையைத்தான் இந்த வாரம் படிக்கப் போகிறீர்கள்.

* கலங்கல் கிராமத்துப் பையன்

கோவைக்குப் பக்கத்தில், சூலூர் அருகே கலங்கல் என்றொரு கிராமம். அங்கே 1893ம் ஆண்டு, மார்ச் 23ம் தேதி, விவசாயி கோபால்சாமிக்கு மகனாகப் பிறந்தான் துரைசாமி. கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பதுதான் பின்னாளில் சுருங்கி ஜி.டி.நாயுடு ஆனது.

சின்னஞ்சிறு வயதிலேயே தாயை இழந்தான் துரைசாமி. பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஆனால், திண்ணையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்வது அவனுக்குப் பிடிக்கவே இல்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரித் தூவிவிட்டு ஓடி வந்தான் என்றுகூட ஒரு கதை சொல்வார்கள். (அதை மட்டும் நீங்கள் பின்பற்றிவிடாதீர்கள்!) படிப்பு நின்றது, தோட்ட வேலைக்குப் போனான். ஆனால், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்திருந்ததால், கையில் கிடைத்த புத்தகங்களைத் தானே படித்துக்கொண்டான்.

* தூசியைக் கிளப்பி வந்த அதிசயம்!

அந்தக் காலத்தில் கிராமத்துச் சாலைகளில் மாட்டு வண்டிதான் ஓடும். ஒருநாள் ஓர் ஆங்கிலேய அதிகாரி, மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டு ஒரு வண்டி தானே ஓடுகிறது! வாலிபனாக வளர்ந்திருந்த துரைசாமி மலைத்துப் போய்விட்டான்.

ஊரில் மற்றவர்களும்தான் வேடிக்கை பார்த்தார்கள். தூசி அடங்கியதும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். துரைசாமியால் முடியவில்லை. அது எப்படி ஓடுகிறது என்ற கேள்வி அவனைத் தூங்க விடவில்லை. எப்படியாவது அந்த வண்டியை வாங்கிவிட வேண்டும் என்று முடிவு கட்டினான்.

கையில் காசில்லை. கோயம்புத்தூருக்குப் போய், ஓர் ஓட்டலில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தான். இலை போட்டு, தண்ணீர் வைத்து, கிடைத்த சம்பளத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்தான். சில ஆண்டுகள் ஓடின. 300 ரூபாய் சேர்ந்தது. அந்த நாளில் அது பெரிய தொகை! நேரே அந்த அதிகாரியிடம் போய், வண்டியை விலைக்கு வாங்கிவிட்டான்.

வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? ஊரைச் சுற்றி வந்திருப்பார்கள். துரைசாமி வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டான்! நட்டு, போல்ட்டு வரை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினான். பிறகு மறுபடி பூட்டினான். இப்படிப் பிரித்துப் பிரித்துப் பூட்டியே மெக்கானிக் ஆனான்.

* வாருங்கள், நாமும் பிரிப்போம்!

அந்த வண்டி, இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் தயாரான ரட்ஜ் என்று சொல்கிறார்கள். 1911ல் விற்பனைக்கு வந்த ரட்ஜ் வண்டிகள், பந்தயத்துக்கும் பேர் போனவை. 1914ல் ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் பெரிய பிரிவில் ஜெயித்தது ரட்ஜ்தான்.

அந்தக் கால இன்ஜினுக்குள் என்னென்ன இருக்கும்? மனசுக்குள்ளேயே ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கையில் வருவது கார்புரேட்டர். டேங்கிலிருந்து வரும் பெட்ரோலையும் வெளிக்காற்றையும் சரியான அளவில் கலந்து, புகை போல ஆக்கி உள்ளே அனுப்புவது இதன் வேலை. பெட்ரோல் கூடினாலும் தகராறு, குறைந்தாலும் தகராறு!

அடுத்து சிலிண்டர். தடித்த இரும்புக் குழாய். அதற்குள் மேலும் கீழும் போய்வருவது பிஸ்டன். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள், புரிந்துவிடும். பிஸ்டனைச் சுற்றி வளையல் மாதிரி மெல்லிய ரிங்குகள் இருக்கும். இடுக்கு வழியே காற்று கசியாமல் காப்பது இவைதான். சிலிண்டருக்கு வெளியே அடுக்கடுக்காகத் தகடுகள் தெரிகின்றனவே, அவை அழகுக்கு அல்ல. சூட்டைக் காற்றில் இறக்கிவிடத்தான்!

சிலிண்டரின் தலைப்பகுதியில் ஸ்பார்க் பிளக் இருக்கும். பெட்ரோல் கலந்த காற்றில் தீப்பொறி வைப்பது இது. தீப்பொறிக்கு மின்சாரம் வேண்டுமே? அந்த வண்டிகளில் பேட்டரி கிடையாது. மேக்னட்டோ என்றொரு கருவி இருக்கும். காந்தமும் கம்பிச் சுருளும் சேர்ந்தது. இன்ஜின் சுற்றும்போது அதுவும் சுற்றி, தேவையான மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

வால்வுகள் இரண்டு. ஒன்று உள்ளே விடும் கதவு. மற்றொன்று வெளியே தள்ளும் கதவு. பெட்ரோல் காற்றை இழு, நெருக்கு, வெடிக்க வை, புகையை வெளியே தள்ளு... இந்த நான்கு வேலைகளும் வரிசையாக நடக்கும். எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும் என்பதில் ஒரு நொடியின் சிறு பகுதி தவறினாலும் இன்ஜின் முரண்டு பிடிக்கும்.

சரி, பிஸ்டன் மேலும் கீழும்தானே போகிறது. சக்கரம் எப்படிச் சுற்றுகிறது? இதற்கு விடை, ஆம்பூரில் பல வீடுகளில் இருக்கும்! காலால் மிதிக்கும் தையல் மெஷினைப் பாருங்கள். மிதிகட்டை மேலும் கீழும் அசைகிறது. அதிலிருந்து ஒரு கம்பி மேலே போய் சக்கரத்தைச் சுற்றுகிறது இல்லையா? இன்ஜினில் அந்தக் கம்பியின் பெயர் கனெக்டிங் ராடு. அது சுற்றுகிற வளைந்த தண்டின் பெயர் கிராங்க் ஷாப்ட். அங்கிருந்து ஒரு பெல்ட், பின் சக்கரத்துக்குப் போகும். அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில் அந்த பெல்ட் தோலால் ஆனது என்பது, தோல் ஊர்ப் பிள்ளைகளான உங்களுக்கு சந்தோஷமான செய்தி!

* உதிரி பாகம் பேசும்!

பிரிப்பது சுலபம், குட்டீஸ். பூட்டும்போதுதான் கஷ்டம் தெரியும். எல்லாம் மாட்டி முடித்த பிறகு கையில் ஒரு வாஷர் மிஞ்சி நின்றால் போச்சு!

ஒரு பாகத்தைப் பார்த்ததும் அது எங்கே போக வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த பாகமே சொல்லும். எங்கே பளபளவென்று தேய்ந்திருக்கிறதோ, அங்கே வேறொரு பாகம் உரசியிருக்கிறது. எங்கே கரி படிந்திருக்கிறதோ, அது நெருப்புக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், உள்ளே மூடிய இடத்தில் சுற்றிய பாகம். மறை எந்தப் பக்கம் திரும்புகிறது, துளை எவ்வளவு பெரிசு, உலோகத்தில் ஏதாவது எண் பொறித்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மீதி விடை, இது இல்லாவிட்டால் இன்ஜினுக்கு என்ன ஆகும் என்று யோசிப்பதில் இருக்கிறது.

சொல்லித்தர ஆளில்லாத துரைசாமிக்கு அந்த இன்ஜின்தான் ஆசிரியர். இந்த ஆசிரியரிடம் மனப்பாடம் செல்லாது. தப்பாகப் பூட்டினால் வண்டி கிளம்பாது. சரியாகப் பூட்டினால் கிளம்பும். அவ்வளவுதான் பரீட்சை!

* தண்ணீரில் ஓடும் தம்பி!

ஒரே ஓர் இன்ஜினை முழுசாகப் புரிந்துகொண்டால், அதன் அண்ணன் தம்பிகளும் புரிந்துவிடும். ராமேஸ்வரம், கன்னியாகுமரி கடற்கரைகளுக்குப் போனால், மீனவர்களின் ஃபைபர் படகுகளின் பின்புறம் ஓர் இன்ஜின் தொங்குவதைப் பார்க்கலாம். படகுக்கு வெளியே மாட்டுவதால் அதை அவுட்போர்டு இன்ஜின் என்பார்கள்.

நம் துரைசாமி வாலிபனாக இருந்த அதே காலத்தில், 1909ல், அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் அதை விற்பனைக்குக் கொண்டு வந்தார் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய முதல் இன்ஜினின் சக்தி ஒன்றரை குதிரைத் திறன்தான். சில ஆண்டுகளிலேயே அதை மாட்டிய சின்னஞ்சிறு படகுகளை வைத்துப் பந்தயமும் விட ஆரம்பித்துவிட்டார்கள்!

அதைப் பிரித்தாலும் நாம் பார்த்த பாகங்களே வரும். சிலிண்டர், பிஸ்டன், பிளக், கார்புரேட்டர் எல்லாம் உண்டு. ஆனால், கிராங்க் ஷாப்ட் படுத்திருக்காது, செங்குத்தாக நிற்கும். அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு தண்ணீருக்குள் இறங்கும். அடியில் சாய்வான பற்சக்கரங்கள் அந்தச் சுற்றை மடக்கித் திருப்பி, விசிறியைச் சுழற்றும். சூட்டைத் தணிக்கத் தகடுகளுக்குப் பதிலாக ஆற்றுத் தண்ணீரோ கடல் தண்ணீரோ சிலிண்டரைச் சுற்றி ஓடும். பழைய படகு இன்ஜின்கள் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் வகை. அவற்றில் மேலே பார்த்த மாதிரி வால்வுக் கதவுகளைத் தேடாதீர்கள். சிலிண்டர் சுவரிலேயே துளைகள் இருக்கும். மேலும் கீழும் போகிற பிஸ்டனே அவற்றைத் திறந்து மூடும்!

அந்தப் பழைய பந்தய இன்ஜின்களை இன்றும் தேடித் தேடிச் சேகரிக்கிறார்கள் உலகெங்கும் பல பேர். துருப்பிடித்த பாகத்தைக் கையில் வைத்து, இது எந்த இன்ஜினுடையது, எந்த இடத்தில் இருந்தது என்று துப்பறிகிறார்கள். துரைசாமி அன்று செய்தது போலத்தான்!

* ஒரு பஸ்... பல பஸ்...

இன்ஜின் கைவந்த பிறகு துரைசாமி சும்மா இருக்கவில்லை. பருத்தித் தொழிலில் இறங்கிப் பணம் சம்பாதித்தார். பம்பாய்க்குப் போய்ப் பெரிதாக வியாபாரம் செய்யப் பார்த்து, சம்பாதித்ததை இழந்தார். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிய நிலை.

அப்போது கைகொடுத்தார் கோவையில் தொழில் நடத்திய ஆங்கிலேயர் ராபர்ட் ஸ்டேன்ஸ். அவர் உதவியோடு 1920ல் ஒரு பஸ் வாங்கினார் நாயுடு. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடிய அந்த பஸ்சை ஓட்டியவரும் அவரே! ரிப்பேர் என்றால் அடுத்தவரை எதிர்பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

அந்த ஒரு பஸ், சில ஆண்டுகளில் யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. பயணிகளுக்கு டிக்கெட் கொடுக்க ஒரு இயந்திரம், பஸ் வரும் நேரத்தைக் காட்ட ஒரு கருவி, இன்ஜின் அளவுக்கு மீறி அதிர்கிறதா என்று சோதிக்க ஒரு கருவி என்று புதிது புதிதாகச் செய்தார். இன்ஜினின் அதிர்வு மாறினால், உள்ளே ஏதோ ஒரு பாகம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். நடு வழியில் நிற்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம்.

* மோட்டார் பிறந்தது!

1932ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் திட்டம் தொடங்கியது. கோவைப் பகுதிக்கு மின்சாரம் வந்தது. ஆலைகளுக்கும் ஆழக் கிணறுகளுக்கும் மோட்டார் தேவைப்பட்டது. எத்தனை நாள்தான் வெளிநாட்டு மோட்டாருக்குக் காத்திருப்பது?

பாலசுந்தரம் நாயுடு என்ற திறமைசாலி இவரோடு கைகோத்தார். பீளமேட்டில் இருந்த ஜி.டி.நாயுடுவின் தொழிற்சாலையில், 1937ல் மின் மோட்டார் தயாரானது. பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் என்ற புகழ்பெற்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மோட்டாருக்கும் பம்புக்கும் கோயம்புத்தூர் என்று நாடு முழுக்கப் பெயர் வாங்கியதற்கு இதெல்லாம்தான் அஸ்திவாரம்.

நாயுடுவின் கை அதோடு ஓயவில்லை. பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டாரை வைத்து, ரசந்த் என்ற சவரக் கருவியைச் செய்தார். மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி என்று வரிசை நீண்டது. 1941ல், ஐந்து வால்வு கொண்ட ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார். 1952ல், இருவர் போகக்கூடிய பெட்ரோல் காரை 2,000 ரூபாயில் உருவாக்கினார்.

* கிடைக்காத அனுமதி

இங்கேதான் மனசுக்குக் கஷ்டமான பகுதி வருகிறது. 2,000 ரூபாய் கார் சாலைக்கு வரவே இல்லை. தயாரிக்க அரசின் உரிமம் கிடைக்கவில்லை.

படிப்பு விஷயத்திலும் அப்படித்தான். 1945ல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாக, நாயுடு முன்னின்று உதவினார். அப்போதைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பள்ளியை முடிக்காத நாயுடு, அந்தக் கல்லூரிக்கே முதல்வராக இருந்தார்! இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக இருப்பது அதுதான்.

கையில் ஸ்பேனர் பிடித்துக் கற்றால், நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டில் முடித்துவிடலாம் என்பது அவர் கருத்து. அரசு ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். அதற்காகச் சொல்லித்தருவதை விடவில்லை. இளைஞர்களுக்குக் குறுகிய காலத் தொழிற்பயிற்சிகளைத் தொடர்ந்து நடத்தினார்.

வரிச் சுமையைக் கண்டித்து, தம் தயாரிப்புகள் சிலவற்றைப் பொதுமக்கள் முன்னிலையிலேயே அவர் உடைத்துக் காட்டியதும் உண்டு. வாழ்நாள் முழுக்கப் பிரித்துப் பூட்டியே பழகிய கை, மீண்டும் பூட்ட முடியாதபடி உடைத்தது என்றால், அவர் மனம் எவ்வளவு நொந்திருக்கும்!

செய்ததெல்லாம் வெற்றி என்றோ, சொன்னதெல்லாம் சரி என்றோ சொல்ல முடியாது. இரண்டு ஆண்டில் எல்லாப் பொறியியலையும் கற்றுவிட முடியுமா என்று இன்றும் வாதிடலாம். ஆனால், கையால் தொட்டுப் படிக்காத படிப்பு அரைப் படிப்பு என்று அவர் நம்பியதை மறுக்க முடியுமா?

* கோவைக்குப் போனால்...

1974ம் ஆண்டு, ஜனவரி 4ம் தேதி, 80வது வயதில் ஜி.டி.நாயுடு மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய கார்களுக்கென்றே தனியாக ஜீடி கார் அருங்காட்சியகமும் உண்டு. அதே அவிநாசி சாலையில் 10 கி.மீ. நீளத்துக்குக் கட்டிய மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டபோது, அவர் பெயரையே சூட்டினார்கள். பஸ் ஓட்டியவரின் பெயரைத் தாங்கிய பாலத்தில் இன்று ஆயிரக்கணக்கான வண்டிகள் ஓடுகின்றன!

குட்டீஸ்... இந்த லீவில் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் ஓடாமல் கிடக்கிற பழைய சாவிக் கடிகாரமோ, சைக்கிள் மணியோ, காற்றடிக்கும் பம்போ இருக்கும். பெரியவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். (மின்சாரத்தில் ஓடும் எதையும் தொடவே கூடாது!) தரையில் பழைய பேப்பரை விரித்து, கழற்றுகிற ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையிலேயே வையுங்கள். ஒரு நோட்டில் படம் வரைந்து, அதன் வேலை என்ன என்று பக்கத்தில் எழுதுங்கள். பிறகு, கடைசியாகக் கழற்றியதை முதலில் மாட்டத் தொடங்குங்கள்.

முதல் தடவை ஒரு திருகாணி மிஞ்சலாம். பரவாயில்லை... மறுபடி பிரியுங்கள்!